இருக்கிறபடி இருக்கிறாள்

ஜூலை 6

தொண்டையில் முடிச்சு மாதிரி ஏதோ வந்திருக்கிறதாம். ஒரு வாரம் வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருஷமாகத் திரையில் ஊரான் வீட்டுப் பெண்களெல்லாம் வாயசைக்க, நான் கத்தின கத்தலுக்கு இத்தனை நாள் தாங்கியதே பெரிசு. விஷயத்தைச் சீட்டில் எழுதி இவரிடம் நீட்டினேன். "ஒரு வாரம் போதுமாமா? நல்லாக் கேட்டியா?" என்கிறார். கொழுப்பைப் பார். ரிட்டையர் ஆன புருஷனும் பேசக்கூடாத பொண்டாட்டியும் ஒரே வீட்டில்.

பேசாமல் இருந்தால் எனக்கு மண்டை வெடித்துவிடும். அதனால் இதில் எழுதுகிறேன். பேங்கில் கொடுத்த டைரி, சும்மாதான் கிடந்தது. அதிமதுரம் தீர்ந்துவிட்டது, வாங்கணும்.

ஜூலை 8

கலைமுகம் விருதுக்குப் பெயர்களை அறிவித்துவிட்டார்கள். சிறந்த நடிகைக்கு ஐந்து பேர். அதில் மூன்று பேர் ஒப்புக்குச் சப்பாணி. போட்டி இரண்டு பேருக்குத்தான். 'வெள்ளைப் பாத்தி' ஆருஷி, 'நண்டுக்கால்' இசக்கி. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். ஆருஷிக்குக் குரல் கொடுத்ததே நான்தான்.

இதை இந்த டைரியில்தான் சொல்லிக்கொள்ள முடியும். படத்தில் என் பெயர் கிடையாது. கலைமுகத்தில் ஒரு விதி இருக்கிறது, நடிகை சொந்தக் குரலில் பேசியிருந்தால்தான் பரிசு. அந்த விதியை முன்னாலேயே யோசித்து டைட்டிலில் என்னை விட்டுவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

ஆருஷி மும்பைப் பெண். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். சுண்டினால் சிவக்கிற நிறம். தூத்துக்குடி உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற பெண்ணாக நடிக்க, தினமும் உடம்பு முழுக்க டல் மேக்கப். எவ்வளவு கறுப்பு வேண்டும் என்று பார்க்க மேக்கப்மேன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தது இசக்கியின் கையை. அந்த வேஷத்துக்கு டெஸ்ட் கொடுக்க வந்தவளே இசக்கிதான். அப்பா நிஜமாகவே உப்பளத்தில் வேலை செய்கிறவர். "நல்லாப் பண்றே, ஆனா போஸ்டர்ல நிக்க மாட்டே" என்று டைரக்டர் சொல்லிவிட்டு, ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்க அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டார். 'நண்டுக்கால்' அப்புறம் யாரோ புதுப் பையன்கள் கையில் இருந்ததைப் போட்டு எடுத்த சின்னப் படம்.

டப்பிங்கில் எனக்கும் அவள்தான் வாத்தியார். படத்தின் முடிவில், அப்பன் பிணத்தைப் பார்த்து அந்தப் பெண் அழ வேண்டும். கதறல் இல்லை, ஒப்பாரியும் இல்லை. மூச்சை உள்ளே இழுத்து இழுத்து, சத்தம் வெளியே வர வெட்கப்படுகிற மாதிரி ஓர் அழுகை. எனக்கு அது வரவே இல்லை. சீரியல் அழுகைதான் வருகிறது. "நான் ஒருக்கா அழுது காட்டட்டாக்கா?" என்று மைக் முன்னால் போய் நின்றாள். ஒரே டேக். இன்ஜினியர் அதையே படத்தில் வைத்துவிட்டார்.

ஆக, முகம் ஆருஷி, பேச்சு நான், அழுகை இசக்கி.

ஜூலை 10

இசக்கி போன் செய்தாள். இவர்தான் எடுத்துப் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் "ம்" கொட்டினேன். "அக்கா, நீங்க பேசாண்டாம். தொண்ட கட்டிக் கெடக்குன்னு சார் சொன்னாவ. நான் பேசுதேன், நீங்க கேளுங்க" என்றவள் மூச்சு விடாமல் பேசினாள்.

"அஞ்சு பேர்ல என் பேரும் இருக்குக்கா! எங்க அப்பா பேப்பர வெட்டி சட்டப் பையில வச்சிருக்காவளாம். ஒரு வருசம் பாக்கேன், ஒண்ணும் ஆவலன்னா ஊருக்கு வந்து நீங்க சொல்லுத மாப்பிள்ளைக்கு கழுத்த நீட்டுதேன்னு சொல்லிட்டு வந்தேம்லா? ஆவணியோட வருசம் முடியுது. இது கெடச்சா நாலு பேரு கூப்புடுவாவ. கெடைக்கலன்னா மூட்டையக் கட்ட வேண்டியதுதான். நீங்க எனக்காவ சாமி கும்புடுங்க."

நான் போனை இரண்டு தட்டு தட்டினேன். "செரின்னுதான அர்த்தம்?" என்று சிரித்தாள். ஊரிலிருந்து யாரோ வருகிறார்களாம், என் தொண்டைக்கு உடன்குடிக் கருப்பட்டி கொடுத்துவிடுகிறாளாம்.

சாமி கும்பிடும்போது யாருக்காகக் கும்பிடுவது என்று ஒரு நிமிஷம் நின்றேன். பொதுவாக எல்லோரையும் காப்பாத்து என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 14

வாய் திறந்தாயிற்று. முதல் வார்த்தையே இவரைத் திட்டத்தான் வந்தது, குழாயை மூடாமல் போய்விட்டார்.

கருப்பட்டி வந்து சேர்ந்தது. பனையோலைப் பெட்டியில் வைத்து. வீடே மணக்கிறது.

சாயங்காலம் பாலு வந்தான். 'வெள்ளைப் பாத்தி' கம்பெனி மேனேஜர். மாதுளம்பழமும் ஸ்வீட்டும் கொண்டுவந்தான். பாலு பழத்தோடு வந்தால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

"அக்கா, சம்பந்தம் சார்தான் தேர்வுக் குழுத் தலைவர். ஆருஷி குரல் டவுட்டுன்னு யாரோ பத்த வெச்சிட்டாங்க. அவர் உங்களை நேர்ல பார்த்துக் கேப்பாரு."

"கேட்டா?"

"அந்தப் பொண்ணேதான் பேசுச்சு, நான் உச்சரிப்புத் திருத்தினேன்னு சொல்லுங்க. அவ்ளோதான். அடுத்த மூணு படத்துக்கு டப்பிங் பொறுப்பு முழுக்க உங்ககிட்ட. யார் பேசணும், எப்படிப் பேசணும், எல்லாம் நீங்கதான்."

யோசிக்கிறேன் என்றேன். இப்போதெல்லாம் மெஷினே பேசுகிறது. போன மாசம் ஒரு விளம்பரத்தில் நான் பேசாத வார்த்தையை என் குரல் பேசியதைக் கேட்டேன். எனக்கு வயது ஐம்பத்து நாலு. மாமியார் வேஷத்துக்குக் கத்தி முடிச்சு வாங்கிக்கொண்டதுதான் கண்ட மிச்சம். நான் யோசித்ததில் தப்பில்லை.

ஜூலை 17

சம்பந்தம் சார் வந்தார். பத்தொன்பது வயதில் நான் நடிக்க வந்தபோது, "குரல் தங்கம்மா. முகத்துக்குத்தான் லைட் ரொம்பச் செலவாகும்" என்று சொல்லி மைக் பக்கம் அனுப்பிவைத்த டைரக்டர் இவர்தான். யூனிட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், எனக்கு வழி காட்டினவர் என்று அவர் காலைத் தொடுவது வழக்கமாகிவிட்டது. இன்றைக்கும் தொட்டேன்.

வீட்டில் சர்க்கரை இல்லை. கருப்பட்டி போட்டுக் காபி கொடுத்தேன். "அடடா, இந்த மணம் எங்கேம்மா கிடைச்சுது?" என்று கேட்டார். தெரிஞ்சவங்க கொடுத்தது என்றேன்.

"அம்சா, உன்னை நம்பித்தான் கேக்கறேன். வெள்ளைப் பாத்தியில பேசினது யாரு?"

"ஆருஷிதான் சார். பாவம், ராத்திரி பகலாப் படிச்சுது. நான் உச்சரிப்பு மட்டும் திருத்தினேன்."

"அந்தக் கடைசி அழுகை?"

"அதுவும் அந்தப் பொண்ணுதான்."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. நான் உண்மையைச் சொல்லிவிடுவேனோ என்று பயந்துகொண்டு வந்தவர் மாதிரி இருந்தது. அப்புறம் வேறு ஏதேதோ பேசினோம். இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஜூலை 18

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பம்.

ஜூலை 26

டிவியில் விருது விழாவுக்கு விளம்பரம். அந்த அழுகைக் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். இவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டே பார்த்தார்.

"பேச்சு உன்னுது. அழுகை உன்னுது இல்லியே?"

"எப்படிச் சொல்றீங்க?"

"கட்டிக்கிட்டு வந்ததுலேருந்து கேக்குறேனே, உன் அழுகை எனக்குத் தெரியாதா?"

இந்த மனுஷனுக்குத் தெரிகிறது. படம் படமாக எடுத்த சம்பந்தம் சாருக்குத் தெரியாதாம்.

ஆகஸ்ட் 3

விழா. எனக்கும் அழைப்பு வந்தது, பாலு ஏற்பாடு. அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். பின்னால் உட்கார்ந்திருந்த இசக்கி என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து கையைப் பிடித்தாள். மாம்பழ மஞ்சளில் ஒரு சேலை. அந்தக் கறுப்புக்கு அந்த மஞ்சள் எப்படி இருந்தது தெரியுமா! "அக்கா, நெஞ்சு அடிக்கி" என்றாள்.

சிறந்த நடிகை, ஆருஷி. பெரிய திரையில் அந்த அழுகையைப் போட்டார்கள். அரங்கமே எழுந்து நின்று தட்டியது. கழுத்து, கை, கால் எல்லாம் இசக்கியின் நிறம், வாயிலிருந்து வருவது இசக்கியின் மூச்சு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். இசக்கியும் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"வணக்கம், நான் ரொம்ப ஹேப்பி" என்றாள் ஆருஷி மேடையில், வெண்ணெய்க் கட்டி மாதிரி. அதற்குமேல் அந்தப் பெண்ணுக்குத் தமிழ் ஓடவில்லை. பேசுகிற தமிழே அவ்வளவுதான், படத்தில் பேசியதும் அழுததும் எப்படி அவள் சொந்தக் குரலாக இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கீழே இறங்கும்போது என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். அவளுக்குத் தெரியும்.

சம்பந்தம் சார் தேர்வைப் பற்றிப் பேசினார். அதில் ஒரு வாக்கியம் வந்ததும் நான் எழுந்துவிட்டேன். ஏசி அதிகம். சாப்பிடாமலே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

இசக்கி வீட்டுக்கே வந்துவிட்டாள். முகம் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். தோசை வார்த்துப் போட்டேன். ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்றாள்.

"என் அழுகைக்கு பரிசு கெடச்சிட்டுல்லாக்கா? எனக்கு கெடைக்கலன்னா என்ன, என் அழுகைக்கு கெடச்சிட்டு" என்றாள். அப்புறம் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள். "பரிசு போனதுகூட போவுதுக்கா. அந்தப் பெரியவர் மேடையில என்ன சொன்னாவன்னு கேட்டியளா? இருக்கபடி இருக்கது வேற, இல்லாதத உண்டாக்குதது வேறன்னு. எனக்குத்தான சொன்னாவ. நான் நடிக்கவே இல்லியாம். நண்டுக்கால்ல நான் புள்ளயத் தொலச்ச தாயிக்கா. நான் எந்தப் புள்ளயப் பெத்தேன், எங்க தொலச்சேன்? கறுப்பியா பொறந்தா நடிக்கத் தேவையில்லன்னு ஆயிருமா? குழுவுல பாதிப் பேரு என் பக்கந்தான் இருந்தாவளாம். யாரோ இந்த வார்த்தையச் சொல்லி மாத்திட்டாவளாம்."

"யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம்.

"யாரோ வெவரம் தெரிஞ்சவிய."

அவள் போனபின் எனக்கென்று ஊற்றிய தோசை தீய்ந்து புகைந்த பிறகுதான் அடுப்பு நினைவு வந்தது.

ஜூலை பதினேழாம் தேதிப் பக்கத்தில் நான் எல்லாவற்றையும் எழுதவில்லை. 'வேறு ஏதேதோ' என்று எழுதி மூடிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். சம்பந்தம் சார் கேட்டார், "நண்டுக்கால் பொண்ணு எப்படி? குழுவுல பாதிப் பேர் அவதான்னு நிக்கறாங்க." நான் சொன்னேன், "நல்ல பொண்ணு சார். ஆனா அவ நடிக்கலை. அங்கேயே பொறந்தவ, இருக்கிறபடி இருக்கா. ஆருஷிதான் இல்லாததை உண்டாக்கியிருக்கா." அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பிரமாதமாச் சொன்னே" என்றார்.

பாலு இதைச் சொல்லச் சொல்லவில்லை. மூன்று படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நானாகச் சொன்னேன். என் கறுப்புக்குக் கிடைக்காதது இன்னொரு கறுப்புக்குக் கிடைத்துவிடப் போகிறதே என்ற வயிற்றெரிச்சல். அதுவும் அவள் கொடுத்த கருப்பட்டியில் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். நான் மனுஷிதானா?

ஆகஸ்ட் 6

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22

பாலு சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த படத்தின் டப்பிங் என் பொறுப்பு. படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கதாநாயகியின் தோழியாக யார் என்று பார்த்தால், இசக்கி. விருதுக்கு முன்னாலேயே நடித்துக் கொடுத்திருக்கிறாள். கடைசியில் அவளுக்கு ஒரு பெரிய அழுகைக் காட்சி.

"இவ குரல் கரகரன்னு இருக்குக்கா, செட் ஆகாது. நீங்களே பேசிடுங்க. அழுகை மட்டும் அந்த அவார்டு அழுகை மாதிரியே வேணும். உங்களுக்குக் கைவந்த கலையாச்சே" என்றான் பாலு.

சிரிக்கிறதா, தலையில் அடித்துக்கொள்கிறதா? சரி என்றுதான் சொன்னேன். இவரிடம் வீட்டில் சொன்னபோது, "அவ குரலை அவளுக்கே நீ மிமிக்ரி பண்ணப் போறியா?" என்று கேட்டார். காய்கறி வாங்கிவரச் சொல்லி வெளியே அனுப்பினேன்.

செப்டம்பர் 9

இதை நிதானமாக எழுதணும்.

வசனமெல்லாம் நேற்றே பேசி முடித்துவிட்டேன். இன்றைக்கு அழுகை. காலையில் ஸ்டூடியோவுக்குப் போனால் வாசலில் இசக்கி நிற்கிறாள். "ஊர்ப் பேச்சு வருதுல்லா, சரியா வருதான்னு பாக்க பாலு அண்ணன் வரச் சொன்னாவ" என்றாள். அடப் பாவி பாலு. "எனக்கு நீங்க பேசுதியன்னு கேட்டதும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொறவு, வேத்தாளு பேசுததுக்கு நம்ம அக்கா பேசட்டும்னு தேத்திக்கிட்டேன். அடுத்த வாரம் ஊருக்குப் போவுதேன்க்கா. மாப்பிள்ள வீட்ல வாராவ."

ஹெட்போனில் படப்பிடிப்பில் பதிவான அவள் குரல், திரையில் அவள் முகம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் தாஸோடு அவள். நான் அழுதேன். மூன்று டேக். நாலாவது முடிந்ததும் இசக்கி கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என் மனசு நோகக் கூடாதே என்று மெதுவாகச் சொன்னாள்.

"நான் அப்படி அழ மாட்டேன்க்கா."

ஹெட்போனைக் கழற்றினேன். மைக்கை அணைக்கச் சொல்லி, தாஸை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அப்புறம் சொல்லிவிட்டேன். சம்பந்தம் சார் வந்தது, கருப்பட்டிக் காபி கொடுத்தது, குரலைப் பற்றிச் சொன்ன பொய், அவள் கேட்ட அந்த 'யாரோ', எல்லாம். ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் நாக்கு லேசில் எழவில்லை.

திட்டுவாள் என்று நினைத்தேன். "நீங்களாக்கா?" என்றாள். அப்புறம், "அந்தக் கருப்பட்டி எங்கம்மா கையால ஓலப்பெட்டியில கட்டுனது" என்றாள். அவ்வளவுதான்.

"இப்பவே பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன் இசக்கி. அந்தப் பரிசைப் பிடுங்கட்டும்."

"பிடுங்கி? எனக்கா தருவாவ? ரெண்டு நா பேசுவாவ, அந்தப் பொண்ணு அழும், நான் பரிசுக்குப் பறந்தவன்னு பேராவும். எனக்கு அது வேண்டாம். இந்தப் படத்துல என் வாய்க்கு என் குரல் வேணும். அதக் கேட்டுட்டு யாராச்சும் கூப்புடுதாவளான்னு பாக்கணும். அத வாங்கித் தருவியளா?"

பாலுவுக்குப் போன் போட்டேன். இசக்கிக்கு இசக்கியே பேசுவாள், வசனம் அழுகை எல்லாம், இல்லையென்றால் வெள்ளைப் பாத்தியில் யார் பேசினது, யார் அழுதது என்று ஊருக்கே சொல்வேன் என்றேன்.

"அக்கா, மிரட்டுறீங்களா?"

"ஆமாண்டா."

அவன் யாரிடமோ பேசிவிட்டுத் திரும்ப லைனுக்கு வந்தான். "அந்தப் பொண்ணே பேசட்டும். அதுக்கப்புறம் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. அடுத்த படத்துக்கெல்லாம் வேற ஆள் பார்த்துக்கறோம்." டாக்டருக்கு அப்புறம் என் வாயை மூடச் சொன்னது இவன்தான். ஒப்புக்கொண்டேன். ஆக, ஒரு பொய்யை மூடிவைத்துத்தான் இன்னொன்றைத் திருத்தினேன். ஆருஷி வீட்டு அலமாரியில் அந்தப் பரிசு இருக்கத்தான் போகிறது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, பட மாட்டேன்.

இசக்கி உள்ளே போனாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தாஸுக்கு அருகில் நின்றேன். அழுதாள். தாஸ் கையிலிருந்த டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே வைத்திருந்தார். வெளியே வந்தவள் நேராக என் முன்னால் நின்று கேட்டாள்.

"இது நடிப்பாக்கா, இருக்கபடியா?"

இப்போதாவது சரியாகச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. "நடிப்புத்தாண்டி. எப்பேர்ப்பட்ட நடிப்பு!" என்றேன்.

"இல்லக்கா" என்றாள். "வெள்ளைப் பாத்தியில அழுதது நடிப்பு. இப்பத்தான் நெசமா அழுதேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, இன்னொண்ணு போவோம்" என்று மறுபடி உள்ளே போனாள். மறுபடி அழுதாள். தாஸ் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டார். எது எது என்று எனக்குத் தெரியவில்லை. "எதை வைக்கட்டும் அம்சாக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"அவளைக் கேளுங்க" என்றேன்.

இசக்கி என்னைப் பார்க்காமல் சொன்னாள். "ரெண்டாவத வைங்கண்ணே. மொதல்ல அழுதது படத்துக்கு இல்ல. அத அழிச்சிருங்க."

தாஸ் அழித்தார்.